முப்பத்துநாலு வீட்டுக்கு ஒரு நம்பர்

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எங்கே போனாலும் குறை கண்டுபிடிப்பேன். லாட்ஜில் குழாயைத் திருகினால், சுடுதண்ணி எந்தப் பக்கம் என்று ஏன் எழுதி வைக்கவில்லை என்பேன். பாங்கில் பணம் கட்டும் சீட்டைப் பார்த்தால், பெயர் எழுத இத்தனை சின்னக் கட்டம் போட்ட ஆளுக்குப் பெயரே கிடையாதா என்று கேட்பேன். "இவளக் கூட்டிக்கினு ஒரு கல்யாணத்துக்குப் போவ முடியாது, எல போட்ட தினுசே தப்புன்னுவா" என்பாள் அம்மா. ஆனால் இந்தக் குறை சொல்லும் வேலைக்குத்தான் எனக்கு மாதாமாதம் சம்பளம் வருகிறது. பதவிக்குப் பெயர் யூஎக்ஸ் டிசைனர். செல்போனில் ஒருவர் ஒரு ஆப்பைத் திறந்தால் எந்தப் பட்டன் எங்கே இருக்க வேண்டும், அதைத் தொட்டால் என்ன வர வேண்டும், ஆள் எந்த இடத்தில் குழம்பிப்போய் மூடிவிடுவார் என்று யோசித்து வரைந்து கொடுப்பது என் வேலை.

பெயர் மோகனப்ரியா. சொந்த ஊர் நகரி பக்கம். கம்பெனி திருப்பதியில், ஏர் பைபாஸ் ரோட்டில் ஒரு டிபன் கடைக்கு மேலே. மொத்தம் பன்னிரண்டு பேர். காலை மீட்டிங்கில் யார் என்ன பேசினாலும் பாதிப் பேருக்குக் கவனம் கீழே வார்க்கிற தோசையில் இருக்கும். அங்கே எட்டு வருஷம் ஓட்டியிருக்கிறேன். முதலில் லாட்ஜுகளுக்கு வெப்சைட், பிறகு ஒரு கண் ஆஸ்பத்திரி, பிறகு ஸ்கூல் பஸ் எங்கே வருகிறது என்று காட்டும் ஒரு ஆப். கூடப் படித்தவர்கள் எல்லாம் பெங்களூரில் பெயருக்குக் கீழே 'லீட்' என்று போட்டுக்கொள்ள, நான் ஐந்து வருஷமாக 'சீனியர்' என்ற ஒரே படியில் நின்றுகொண்டிருந்தேன். வயிற்றெரிச்சலாகத்தான் இருந்தது. இதில் மறைக்க என்ன இருக்கிறது.

போன வருஷம் சித்தூர் பக்கத்திலிருந்து ஒரு மாங்கூழ் ஃபேக்டரி எங்களிடம் வந்தது. எங்கள் பக்கத்தில் காணி காணியாகத் தோத்தாபுரி மாமரம்தான். காய் எல்லாம் கூழுக்குப் போகும். ஜூன் பிறந்தால் ஃபேக்டரி வாசலில் டிராக்டர்கள் கண்ணுக்கெட்டின தூரம் நிற்கும். டிரைவர்கள் இரண்டு நாள், மூன்று நாள் வண்டிக்கு அடியிலேயே துண்டு விரித்துப் படுத்துக்கொள்வார்கள். மேலே மாங்காய் வெயிலில் வெந்துகொண்டிருக்கும். விவசாயி வீட்டிலிருந்தபடியே டோக்கன் போட்டுக்கொண்டு, அவருக்குக் கொடுத்த நாளில் வண்டியைக் கொண்டுவந்தால் போதும், அப்படி ஒரு ஆப் வேண்டும் என்றார்கள். நான்தான் வரைந்தேன். பெரிய தெலுங்கு எழுத்து, நாலே நாலு ஸ்கிரீன். இந்த ஜூனில் அது ஓட ஆரம்பித்தது. முதல் வாரமே வரிசை பாதியாகக் குறைந்துவிட்டது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவ்வளவு சந்தோஷமாக நான் வீட்டுக்குப் போனதில்லை.

இரண்டாவது வாரம் யார் எத்தனை டோக்கன் எடுத்திருக்கிறார்கள் என்று பார்த்தேன். ஒரே நம்பரிலிருந்து முப்பத்துநாலு டோக்கன். கார்வேட்டிநகரம் பக்கத்து ஊர். ஃபேக்டரியில் காய் எடுப்பதைப் பார்த்துக்கொள்ளும் சடகோபன் சாரிடம் சொன்னேன்.

"புரோக்கருங்கதாம்மா" என்றார் அவர். "டோக்கன மொத்தமா வாங்கி வெச்சிக்கினு வாசல்ல விப்பானுங்க. எல்லா வருசமும் ஏதாவது ஒரு தில்லுமுல்லு பண்ணுவானுங்க."

எனக்கு ரத்தம் கொதித்தது. நான் ராத்திரி பகலாக உட்கார்ந்து செய்ததை எவனோ ஒருத்தன் காசாக்குகிறான். அன்றைக்கே புது விதி போட்டேன். ஒரு நம்பருக்கு வாரத்துக்கு ஒரு டோக்கன். அதற்கு மேல் எடுத்த நம்பர்களுக்குப் பூட்டு, அவர்கள் எடுத்த டோக்கனும் செல்லாது. எங்கள் கம்பெனியில் ப்ரோக்ராம் எழுதும் சுனில் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் அதை முடித்துக் கொடுத்தான். அந்த நம்பருக்கு ஒரு போன் போட்டு, யாருங்க நீங்க என்று கேட்கலாம் என்று எங்கள் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. பத்து இலக்கமும் திரையில் என் கண்ணுக்கு முன்னால்தான் இருந்தன.

அதோடு நிறுத்தியிருக்கலாம். அதை ஒரு கதையாக்கி இன்டர்நெட்டில் என் பக்கத்தில் போட்டேன். எங்கள் தொழிலில் வேலை செய்தால் மட்டும் போதாது, செய்ததைக் கதையாகச் சொல்லத் தெரிய வேண்டும். முதலில் கஷ்டப்படும் ஒரு மனிதர், நடுவில் ஒரு தடை, கடைசியில் டிசைனர் கொண்டுவரும் விடிவு. படமும் எழுத்துமாக, விரலால் தள்ளத் தள்ள நகர வேண்டும். டிராக்டருக்கு அடியில் படுத்திருக்கும் விவசாயியை வரைந்தேன். முகமே இல்லாமல், விரலில் மோதிரம் மட்டும் போட்ட ஒரு புரோக்கரை வரைந்தேன். 'ஒரு நம்பர், ஒரு டோக்கன்' என்று தலைப்பு வைத்தேன். நாலு நாளில் ஆயிரக்கணக்கானவர்கள் பார்த்தார்கள். பெங்களூரிலிருந்து ஒரு பெரிய கம்பெனியின் டிசைன் தலைவி கீர்த்தி, 'உங்களோடு பேச வேண்டும், எங்களுக்கு ஒரு லீட் தேவை' என்று எழுதினார். இரண்டு சுற்று இன்டர்வியூ முடிந்தது. கடைசிச் சுற்று ஒன்றுதான் பாக்கி.

ஜூலை முதல் வாரத்தில் ஒரு நாள், நான் மாடிப்படியில் நின்று அம்மாவோடு போனில் பேசிக்கொண்டிருந்தேன். "துன்னியா இல்லியா? நைனாவுக்கு மாத்திர குடுத்தியா?" என்று கத்திக்கொண்டிருந்தபோது, கீழ்ப்படியில் ஒரு பெண் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். முப்பத்தைந்து, முப்பத்தாறு வயது இருக்கும். தோளில் துணிப்பை, கையில் செல்போன். நான் பேசி முடிக்கும்வரை பொறுமையாக நின்றாள்.

"நீங்களும் நம்ம பக்கந்தானா மேடம்?" என்றாள். "நல்லதாப் போச்சி. தெலுங்குல சண்ட போடணுமேன்னு பஸ்ஸு பூரா யோசிச்சிக்கினு வந்தேன்."

பெயர் கன்னிகா. கார்வேட்டிநகரத்துக்கு அடுத்த ஒரு சின்ன ஊர். அந்த ஊர் டுவாக்ரா சங்கத்துக்கு, அதாவது பெண்கள் சுயஉதவிக் குழுவுக்கு, அவள்தான் தலைவி. செல்போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். 'இந்த நம்பர் நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது' என்று என்னுடைய ஸ்கிரீன் சிவப்பாக நின்றது.

"இது இன்னான்னு சொல்லுங்க. மூணு வாரமா இப்டியே கீது. ஆப்புல கீற போன் நம்பருக்கு அடிச்சி அடிச்சி வெரலு தேஞ்சிபோச்சி. யாரும் எடுக்கவேயில்ல."

எடுத்திருக்க முடியாது. அந்த சிம் போட்ட ஆபீஸ் போன் சுனிலின் மேஜை டிராயரில் சத்தத்தை அணைத்து வைத்துக் கிடந்தது. அதை அவளிடம் சொல்லவில்லை. "நீங்க முப்பத்துநாலு டோக்கன் எடுத்திருக்கீங்கக்கா" என்றேன், கொஞ்சம் விறைப்பாகவே.

"ஆமா. முப்பத்துநாலு வீடு."

"ஒவ்வொருத்தரும் அவங்கவங்க நம்பர்ல எடுக்கலாமில்ல?"

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "அவங்கவங்க நம்பருன்னு எங்க மேடம் கீது? ஆம்பளைங்க மூணு மாசத்துக்கு ஒரு சிம்மு மாத்தறாங்க, எது சல்லிசாக் குடுக்கறானோ அது. பசங்க சென்னையில, ஸ்ரீசிட்டி கம்பெனிங்கள்ல கீறாங்க. பதினாலு வருசமா மாத்தாம கீறது என் நம்பரு ஒண்ணுதான். ஆதாரு, ரேஷனு, கேஸு, ஊரு ஆபீசு சச்சிவாலயத்துல எது எழுதினாலும் அல்லாரும் என் நம்பரத்தான் குடுப்பாங்க. ஓ.டி.பி. வந்தா வாசல்ல நின்னு பேரு சொல்லிக் கூப்புடுவேன். வந்து வாங்கிக்கினு போவாங்க."

எங்கள் வீட்டிலும் அப்படித்தான். அப்பா, எங்கள் நைனா, கேஸ் புக் பண்ணினால் ஓ.டி.பி. என் போனுக்குத்தான் வரும். அத்தை வீட்டு ரேஷன் கார்டில் என் நம்பர். மீட்டிங் நடுவில் மேஜைக்கு அடியில் போனை வைத்துக்கொண்டு அவர்களுக்கு நம்பர் சொல்லியிருக்கிறேன். நகரியிலிருந்து புத்தூர் வரை எந்த வீட்டில் கேட்டாலும் இந்தக் கதைதான். இதையெல்லாம் ஊரில் விட்டுவிட்டு, ஆபீசில் வந்து உட்கார்ந்ததும், ஒரு ஆளுக்கு ஒரு போன், ஒரு போனுக்கு ஒரு ஆள் என்று எங்கோ யாரோ எழுதி வைத்ததை நம்பி வரைந்திருக்கிறேன். வெளியூர்க்காரன் செய்திருந்தால் மன்னிக்கலாம்.

"மூணு வாரமா என்ன பண்ணீங்க?" என்றேன்.

"இன்னா பண்றது? டோக்கன் இல்லாத வண்டிய வாசல்லயே திருப்பி அனுப்பறாங்க. அறுத்த காய வீட்டுல வெச்சிக்க முடியுமா? கொஞ்சம் பேரு ரோட்டோரம் கொட்டிட்டாங்க. கொஞ்சம் பேரு அறுக்காம மரத்துலயே வுட்டு வெச்சிக்கினு கீறாங்க. அதுவும் எத்தினி நாளு நிக்கும்? ஜூலை பதினெட்டு, பத்தொம்பதோட ஃபேக்டரியில எடுக்கறத நிறுத்திடுவாங்களாமே."

"ரெண்டு நாள்ல சரி பண்ணிடறேன்க்கா" என்றேன். மனசாரத்தான் சொன்னேன். கீழே கடையில் காப்பி வாங்கிக் கொடுத்து, புத்தூர் பஸ் ஏற்றிவிட்டு வந்தேன்.

மேலே வந்ததும் சுனிலிடம் விஷயத்தைச் சொன்னேன். அவன் தலையில் கை வைத்துக்கொண்டான். நல்ல பையன், தப்பு என்று தெரிந்தால் தெலுங்கில் தன்னையே திட்டிக்கொள்வான். ஆனால் பூட்டைத் திறக்க ஃபேக்டரி சம்மதம் வேண்டும் என்றான். ஒப்பந்தம் அப்படி. சரி என்று அன்றைக்குச் சாயந்திரமே சடகோபன் சாருக்கு விவரமாக ஒரு மெயில் போட்டேன். நன்றாக எழுதியிருந்தேன். பத்தி பிரித்து, முக்கியமான வரிகளைத் தடித்த எழுத்தில் போட்டு அனுப்பினேன். அனுப்பினதும் மனசு லேசாகிவிட்டது.

அதே சாயந்திரம் கீர்த்தியிடமிருந்தும் மெயில் வந்தது. கடைசிச் சுற்று வெள்ளிக்கிழமை, இன்னும் பதினோரு நாளில். பதினைந்து நிமிஷம் நான் பேச வேண்டும். தலைப்பு: 'நீங்கள் தோற்ற ஒரு கதை.'

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அதைப் படித்ததும் எனக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருந்தது. கையில் ஒரு தோல்வி சூடாக இருக்கிறது, அதில் ஒரு ஊர் இருக்கிறது, பஸ் பிடித்து வந்து கேள்வி கேட்ட ஒரு பெண் இருக்கிறாள். எங்கள் தொழிலில் தோல்விக்கு இருக்கும் மதிப்பு வெற்றிக்குக் கிடையாது. தப்பு செய்தேன், கற்றுக்கொண்டேன் என்று சொல்லத் தெரிந்தவர்தான் மேலே போவார். சொல்லும் விதத்தில் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

உட்கார்ந்துவிட்டேன். எங்கே ஆரம்பிப்பது? மாடிப்படியில் ஆரம்பித்தேன். அம்மாவிடம் பேசும் நான், கீழே கேட்டுக்கொண்டு நிற்கும் கன்னிகா. நைனாவின் கேஸ் ஓ.டி.பி.யை நடுவில் வைத்தேன், பார்ப்பவருக்குச் சுருக்கென்று தைக்கும். யாரும் எடுக்காத போன், ஓட்டத்தைத் தடுக்கிறது என்று அதை வெட்டினேன். கடைசியில் ஒரு தீர்வு வேண்டுமே, அதற்காக நிஜமாகவே யோசித்தேன். 'ஊர் டோக்கன்' என்று ஒன்றை வரைந்தேன். ஒரே நம்பரிலிருந்து ஒரு ஆள் ஊருக்கே டோக்கன் போடலாம். ஒவ்வொரு வீட்டுக்கும் பெயர், தோட்டம், சர்வே நம்பர் தனித்தனியாக வரும், புரோக்கர் நுழைய முடியாது. இன்றைக்கும் சொல்வேன், என் வாழ்நாளில் வரைந்ததிலேயே நல்ல டிசைன் அது. கடைசிப் படத்தில் மாங்காய் ஏற்றிய டிராக்டர் பச்சை அடையாளத்தோடு ஃபேக்டரி கேட்டுக்குள் நுழையும்.

ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ சுனில் கேட்டான், "ஃபேக்டரி ஒத்துக்கிட்டாங்களா?" "பாக்கறேன்டா" என்றேன். அப்படியே, அந்த டிராக்டர் நகர்கிற மாதிரி செய்து கொடுக்க முடியுமா என்று அவனிடம் கேட்டேன். ஒரு மணி நேரத்தில் செய்து கொடுத்தான். சக்கரம் கூடச் சுற்றியது.

எல்லாம் முடிந்தது. ஒன்றுதான் குறை. கதைக்கு நிஜ முகம் வேண்டும். கன்னிகாவின் போட்டோ இருந்தால் அந்தப் பதினைந்து நிமிஷமும் வேறு மாதிரி இருக்கும். அவள் சம்மதம் இல்லாமல் போடுகிற அளவுக்கு நான் கெட்டுப்போகவில்லை. இன்டர்வியூவுக்கு முதல் நாள், வியாழக்கிழமை காலையில், லாப்டாப்பைத் தூக்கிக்கொண்டு புத்தூருக்குப் பஸ் ஏறினேன். அங்கிருந்து கார்வேட்டிநகரம், அங்கிருந்து ஷேர் ஆட்டோ.

ஊருக்குள் நுழையும்போதே புளித்த வாடை அடித்தது. ஓடையோரம் மாங்காய் கொட்டிக் கிடந்தது. மேலே கொட்டினது மஞ்சளாக, அடியில் கொட்டினது கறுப்பாக. இரண்டு மாடுகள் முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்து போயின. போன வாரத்துக் குப்பையாக இருக்கும் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

கன்னிகா வீட்டு வாசலில் வேப்பமரத்தடியில் நாலைந்து பெண்கள் இருந்தார்கள். "வாங்க மேடம், வாங்க" என்று எழுந்து வந்து, நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். மோர் கொடுத்தாள். நான் இன்னொரு நாற்காலியில் லாப்டாப்பை வைத்துத் திறந்தேன். பெண்கள் பின்னால் வந்து நின்றுகொண்டார்கள். ஒவ்வொரு படமாகத் தள்ளித் தள்ளிச் சொன்னேன். புரோக்கர் என்று நினைத்தது, பூட்டு போட்டது, மாடிப்படி, கேஸ் ஓ.டி.பி. எல்லாம் சொன்னேன். என் தப்பு என்று நாலு தடவை சொன்னேன். கன்னிகா கண் எடுக்காமல் பார்த்தாள். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் பத்திரத்தைப் படிப்பவர் அப்படித்தான் பார்ப்பார். டிராக்டர் கேட்டுக்குள் போனபோது பின்னால் நின்ற ரத்னம்மா என்ற பெண், "அய்ய, சக்கரம் சுத்துது பாரு" என்று சிரித்தாள்.

"ரொம்ப நல்லாக் கீது மேடம்" என்றாள் கன்னிகா. "போட்டோ தாராளமா எடுத்துக்கோங்க. நல்ல பொடவ கட்டிக்கினு வரவா?"

"இப்படியே இருங்கக்கா, இதுதான் நல்லா இருக்கு" என்று செல்போனைத் தூக்கினேன்.

"அப்போ எங்க நம்பரு தொறந்தாச்சா?" என்றாள்.

தூக்கின செல்போனை இறக்கினேன்.

"வண்டி உள்ள போவுதே, அதான் கேட்டேன். காலையில போட்டுப் பாத்தேன், செவப்பாவே வந்துது. நீங்க வந்து தொறக்கப் போறீங்களோன்னு நெனச்சேன்."

அவள் குரலில் குத்தல் எதுவும் இல்லை. இருந்திருந்தால் நான் ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பேன். நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். ரெண்டு நாள் என்று நான் சொன்னதிலிருந்து பத்து நாள் ஆகியிருந்தது. அந்தப் பத்து நாளும் காலையில் எழுந்து முதல் வேலையாக அவள் அந்த ஆப்பைத் திறந்து பார்த்திருக்கிறாள்.

சுனிலுக்குப் போன் போட்டேன். "நீதான் பாக்கறேன்னு சொன்னே" என்றான். மெயிலைத் திறந்து பார்த்தேன். சடகோபன் சாரிடமிருந்து பதில் இல்லை. நான் மறுபடி ஒரு வரி எழுதவும் இல்லை. டிராக்டர் படத்தின் பச்சை நிறம் சரியில்லை என்று மட்டும் ஒன்பது தடவை மாற்றியிருந்தேன். வெட்கத்தில் காது இரண்டும் எரிந்தன. அத்தனை பெண்கள் முன்னால் அழுதுவிடுவேனோ என்று பயமாக இருந்தது. அழுதால் இவர்கள் எனக்குத் தண்ணி கொடுத்துத் தேற்றுவார்கள், அதைவிடக் கேவலம் வேறில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"தொறக்கலக்கா. நான் மறந்துட்டேன்" என்றேன். "இப்பவே போலாம் வாங்க."

கன்னிகா உள்ளே போய்ப் பையை எடுத்துக்கொண்டு வந்தாள்.

கார்வேட்டிநகரத்தில் சித்தூர் பஸ் கிடைத்தது. ஒன்றரை மணி நேரத்துக்கும் மேல். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து, யார் யார் தோட்டத்தில் இன்னும் காய் நிற்கிறது என்று போன் போட்டுக் கேட்டுக்கொண்டே வந்தாள். நான் பக்கத்தில் லாப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன்.

ஃபேக்டரி வாசலில் வரிசையே இல்லை. பத்துப் பன்னிரண்டு டிராக்டர்தான் நின்றன. என் ஆப்பின் புண்ணியம். சடகோபன் சார் ஆபீசில் இருந்தார். விஷயத்தைச் சொன்னதும் கன்னிகாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஊருக்கே இவங்க நம்பருதானா? அடடே. எங்க மச்சான் ஊர்லயும் இப்படித்தாம்மா ஒருத்தர் இருக்காரு" என்றார். கம்ப்யூட்டரில் எதையோ திறந்து, சுனிலுக்குப் போன் போட்டு, சரி என்று இரண்டு வார்த்தை சொன்னார். சுனில் அந்தப் பக்கத்திலிருந்து, வாரத்துக்கு ஒரு டோக்கன் என்ற கணக்கையும் அந்த நம்பருக்கு நீக்கித் திறந்தான். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாலு நிமிஷம்.

"இதுக்குப் போயி நேர்ல வந்தீங்களா?" என்றார். "சீசன்ல நான் மெயில் எங்கம்மா பாக்கறேன்? அன்னிக்கே ஒரு போன் பண்ணியிருந்தா முடிஞ்சிருக்குமே."

கன்னிகா அங்கேயே உட்கார்ந்து டோக்கன் போட்டாள். வெள்ளிக்கும் சனிக்குமாகப் பதினொன்று. சனியோடு ஃபேக்டரி காய் எடுப்பதை நிறுத்துகிறது.

"மிச்ச இருபத்துமூணு வீடு, அக்கா?" என்றேன்.

"அவுங்களுது முடிஞ்சிபோச்சி மேடம்" என்றாள், செல்போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மறுநாள் இன்டர்வியூ. திரையில் கீர்த்தியும் இன்னும் இரண்டு பேரும். பஸ்ஸில் திரும்பி வரும்போது, இந்தக் கதையைச் சொல்லவே கூடாது என்று முடிவு செய்திருந்தேன். விடிந்ததும் அந்த முடிவு போய்விட்டது. வேறு கதை தயாராக இல்லை என்று எனக்கே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். கன்னிகாவின் போட்டோவை மட்டும் போடவில்லை. படங்களைத் தள்ளித் தள்ளிப் பேசினேன். மூன்று பேரும் சாய்ந்து உட்கார்ந்திருந்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். டிராக்டர் கேட்டுக்குள் போனது.

"பிரமாதம்" என்றார் கீர்த்தி. "ஒரு சந்தேகம். தப்பு என்று உங்களுக்குத் தெரிந்த நாளுக்கும் அந்த நம்பரைத் திறந்த நாளுக்கும் நடுவில் எத்தனை நாள்?"

"பத்து நாள்."

"அவ்வளவா? தொழில்நுட்பச் சிக்கலா?"

"இல்லை. நாலு நிமிஷ வேலை."

"பிறகு ஏன்?"

"இதை வரைந்துகொண்டிருந்தேன்" என்றேன், திரையைக் காட்டி.

தொலைந்தது வேலை என்று நினைத்தேன். கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. அப்போது கீர்த்திக்குப் பக்கத்தில் இருந்தவர் மெல்லச் சிரித்து, "இதையல்லவா நீங்கள் முதலில் வைத்திருக்க வேண்டும்! இதுதான் கதை" என்று சொல்லி எதையோ குறித்துக்கொண்டார். கீர்த்தியும் தலையை ஆட்டினார். நான் வாய் தவறிச் சொன்ன உண்மையும் அவர்களுக்கு நல்ல முடிவாக அமைந்துவிட்டது.

வேலை கிடைத்தது. லீட் டிசைனர். எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. அருவருப்பு வந்து சந்தோஷத்தைக் கொஞ்சமாவது குறைக்கும் என்று எதிர்பார்த்தேன். குறைக்கவில்லை. வேண்டாம் என்று எழுதிப் போடும் அளவுக்கு நான் நல்லவள் இல்லை. அம்மாவுக்குப் போன் போட்டேன், அவள் நைனாவிடம் கத்திச் சொன்னாள். தெருவில் எல்லோருக்கும் கேட்டிருக்கும்.

'ஊர் டோக்கன்' வரைபடத்தைச் சுனிலிடமும் சடகோபன் சாரிடமும் கொடுத்தேன். அடுத்த சீசனுக்குப் பார்க்கலாம் என்றார்கள். என் இடத்துக்கு இப்போதைக்கு ஆள் எடுக்கப் போவதில்லை என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். கிளம்புவதற்கு முதல் நாள் மத்தியானம், டிராயரில் இருந்த ஆபீஸ் போனை எடுத்துக் கன்னிகாவைக் கூப்பிட்டேன். பதினோரு வண்டியும் உள்ளே போய்விட்டதாகச் சொன்னாள். பெங்களூர் போகிறேன், பெரிய வேலை என்று சொன்னேன்.

"ரொம்ப சந்தோசம் மேடம்" என்றாள். நிஜமான சந்தோஷம், குரலில் தெரிந்தது. "அப்போ வர்ற வருசம் செவப்பா வந்துதுன்னா யாருக்கு அடிக்கிறது? உங்களுக்குப் பதிலா வர்றவங்க நம்பரு குடுத்துட்டுப் போங்க."

"யாரும் வரலக்கா" என்றேன்.

அந்தப் பக்கத்தில் யாரோ பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. எட்டு வருஷத்தில் எந்த ஆப்பைப் பயன்படுத்தியவருக்கும் என் சொந்த நம்பரைக் கொடுத்ததில்லை. கொடுக்கக் கூடாது என்பதுதான் எங்கள் தொழிலில் முதல் பாடம். ஒருத்தருக்குக் கொடுத்தால் ஊருக்கே கொடுத்த மாதிரி. இங்கே அது நிஜமாகவே ஊருக்குத்தான் கொடுப்பது.

"என் நம்பர எழுதிக்கோங்கக்கா" என்றேன். மெதுவாகச் சொன்னேன். அவள் ஒவ்வொரு எண்ணாகத் திருப்பிச் சொல்லி எழுதிக்கொண்டாள்.

"பெங்களூரு போன பின்னாடியும் எடுப்பீங்களா மேடம்?"

"எடுப்பேன்."

"இருங்க, நான் வெச்சிட்டு அடிக்கிறேன்" என்று சொல்லி, என் பதிலுக்குக் காத்திருக்காமல் வைத்துவிட்டாள்.

பைக்குள் என் போன் அடித்தது. துணிகளுக்கு அடியில் போயிருந்தது, தேடி எடுப்பதற்குள் மூன்று ரிங் போய்விட்டது. பதறிப்போய் எடுத்து, "அக்கா" என்றேன்.

"ம், எடுக்கறீங்க" என்றாள் கன்னிகா.